ஆடு நுழையாத வழி

ஆட்டால் முடியாத, மனிதரால் முடிகிற ஒரு காரியத்தைக் கண்டுபிடித்து அதை வேலியில் பொருத்திவிட வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டுப்புறப் பாதைகளில் இருக்கிற கேட், படி, சந்து, கொண்டி அத்தனைக்கும் பின்னால் உள்ள யோசனை இதுதான். ஆடு ஏணி ஏறாது. ஆகவே மதிலின் இரு பக்கமும் ஏணியைச் சாத்து. ஆட்டின் வயிறு அகலம், மனிதரின் கால் ஒல்லி. ஆகவே கீழே குறுகி மேலே விரிகிற சந்து ஒன்றைக் கல்லில் விடு. ஆடு முன்னால்தான் போகும், ஓரடி பின்வாங்கிக் கதவைத் தள்ளிவிட்டு மறுபடி முன்னேறத் தெரியாது. ஆகவே அப்படிச் செய்பவருக்கு மட்டும் வழிவிடுகிற ஒரு கேட்டைச் சிறு கூண்டுக்குள் மாட்டு. ஆட்டுக்கு விரல் கிடையாது. ஆகவே இரும்பில் கொண்டி போடு.

இந்த நான்கில் முதல் மூன்றும் உடம்பைப் பார்த்து ஆளை உள்ளே விடுகின்றன. நான்காவது மட்டும்தான் கையைப் பார்க்கிறது. இந்த வித்தியாசத்தை வெகுகாலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறத் தெரிந்தவன் ஏறுவான், மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்பது சொல்லப்படாத ஏற்பாடு.

பாதைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் ஊடே ஓடுகிறது. மண் விவசாயிக்குச் சொந்தம். அந்த மண்ணின் மேல் கோடு போட்டதுபோல் நடந்து கடக்கும் உரிமை யாவருக்கும் சொந்தம். அவர் கோதுமை விதைத்திருந்தாலும் சரி, மாடு மேய விட்டிருந்தாலும் சரி, பாதை அப்படியே இருக்கும். 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தப் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் குறித்துவைக்கச் சொன்னது. அதில் ஏறிவிட்ட பாதையை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. நடைபாதை, குதிரையும் சைக்கிளும் போகலாம் என்கிற பாதை, வண்டி போகிற பாதை என்று அவற்றுக்குள் வகைகள் உண்டு. வகை மாறினால் கேட்டும் மாறும்.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் துணையோடு பொது மேய்ச்சல் நிலங்கள் வேலிக்குள் போயின. இன்று யார்க்‌ஷயர் மலைகளில் நாம் அழகு என்று படம் பிடிக்கிற காரையில்லாக் கல்மதில்களில் பல அந்தக் காலத்தில் எழுந்தவை. ஹெல்ப்ஸ்டன் ஊரின் உழவர் குடிக் கவிஞர் ஜான் கிளேர், தன் சொந்த ஊரில் 1809க்குப் பிறகு அது நடந்ததைப் பார்த்துக் கொதித்து எழுதினார். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர், நடக்கும் உரிமை கேட்டு, கிண்டர் ஸ்கௌட் மேட்டுக்குள் வேட்டைக் காவலர்களை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்தப் போராட்டத்தின் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் மேட்டையும் காவலர்களையும் சிறையையும் சொல்கிறார்கள். உரிமை கிடைத்த பிறகு அது தினசரி எங்கே சோதிக்கப்படுகிறது என்று கேட்டால், வேலியில்தான். அதிலும் குறிப்பாக, கேட்டில்.

கல்லில் செய்தவற்றைப் பார்த்தால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். மதில் கட்டும்போதே நீளமான பலகைக் கற்களை இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, படி வேறு மதில் வேறு என்று பிரிக்க முடியாதபடி செய்திருப்பார்கள். டார்பிஷயரிலும் யார்க்‌ஷயரிலும் இரண்டு செங்குத்துக் கற்களுக்கு இடையே தொடை உரசப் புகுந்து போகிற சந்துகள் உண்டு. ஆட்டுக்குட்டி புகுந்துவிடும் என்பதால் சில சந்துகளின் மேல் கையகலக் கதவு ஒன்றை விசைவில்லோடு மாட்டியிருக்கிறார்கள். கார்ன்வாலில் தரையில் குழி தோண்டி அதன் மேல் கருங்கல் சட்டங்களை இடைவெளிவிட்டு அடுக்கியிருப்பார்கள். மனிதர் கல்லின் மேல் கால் வைத்துப் போவார். மாட்டின் குளம்பு இடைவெளியில் இறங்கிவிடும் என்ற பயத்தில் மாடு நின்றுவிடும். செயின்ட் ஐவ்ஸிலிருந்து ஸென்னருக்குப் போகிற வயல்வழியில் இப்படிப்பட்டவை வரிசையாக வரும். அந்த வழிக்குச் சவப்பெட்டிப் பாதை என்றே பேர். கதவில்லை, கொண்டியில்லை, துருப்பிடிக்க எதுவுமில்லை. செய்தவர்கள் செத்து எத்தனையோ தலைமுறை ஆகியும் மாட்டைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

வேல்ஸின் எரிரி மலைப்பகுதியில் மதில்கள் உயரம். அங்கே மர ஏணிப்படிகள். மேலே ஏறி மதிலின் முகட்டைத் தாண்டி, முதுகைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம் இறங்க வேண்டும். மழை நாளில் பாசி பிடித்த மரத்தில் இறங்கியவர்களுக்கு அது எப்படிப்பட்ட இறக்கம் என்று தெரியும். அந்த மழைநாட்களும் அங்கே குறைவில்லை.

என் மாமியார் ஒரு கோடையில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். நடப்பதில் எங்கள் எல்லாரையும் பின்னால் விட்டுவிடுவார். டார்பிஷயரில் ஒரு வயல் ஓரத்தில் முட்டி உயரத்துக்கு மேல் முதல் பலகை, இடுப்பு உயரத்தில் கம்பிவேலி, அதன் மேல் கால் தூக்கிப் போட்டுத் தாண்ட வேண்டிய மரப்படி ஒன்று வந்தது. நின்றுவிட்டார்.

"இதுல சீலையோட எப்படிம்மா காலத் தூக்கிப் போட?" என்றார்.

"அத்தை, பக்கத்துல எங்கயாச்சும் கேட் இருக்கும், பாக்கலாம்" என்றேன். இல்லை. திரும்பி வந்தோம். வருகிற வழியில் ஒரு கேட்டின் கொண்டியைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத வெள்ளாடு மூக்கால தட்டியே தெறந்துரும்" என்று தீர்ப்புச் சொன்னார். இங்கே மேய்வது செம்மறி என்றேன். "அதான் இவங்க பொழச்சாங்க" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இங்கே வெள்ளாடு பெருகியிருந்தால் ஏணிப்படியும் கல்படியும் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அவருடைய ஊரில் முள்ளும் குச்சியும் கட்டிய படலைத் தூக்கி நகர்த்தி, உள்ளே போய், திரும்ப இழுத்துச் சாத்திவிட்டுப் போவார்கள். அதைத் திறக்க இரண்டு கையும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். காலைத் தூக்க வேண்டியதில்லை.

சேலை ஒரு உதாரணம்தான். மாட்டை எது எது தடுக்கிறதோ அது ஏதோ ஒரு மனிதரையும் தடுக்கிறது. ஏணி, மூட்டு தேய்ந்தவரைத் தடுக்கிறது. சந்து, நிறைமாதக் கர்ப்பிணியையும் முதுகில் குழந்தையைக் கட்டியிருப்பவரையும் தடுக்கிறது. கூண்டுக்குள் ஆடும் கிஸ்ஸிங் கேட், தள்ளுவண்டியையும் சக்கர நாற்காலியையும் தடுக்கிறது. ஐந்து கிலோமீட்டர் பாதையில் நாலரை கிலோமீட்டர் சமதளமாக இருந்து ஓர் இடத்தில் ஒரே ஒரு படி இருந்தால், அந்தப் பாதை முழுவதும் அவர்களுக்கு இல்லை. வரைபடத்தில் அது எல்லாருக்குமான பச்சைக் கோடாகத்தான் இருக்கும்.

இந்த விஷயம் அரசு ஏட்டில் ஏறிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது ஒரு தலைப்பில் தெரிகிறது. பிரிட்டிஷ் தரநிலை 5709 என்று ஒன்று உண்டு. பாதைகளின் குறுக்கே வைக்கும் அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று அளவோடு சொல்கிற ஆவணம். 1979இல் வந்த அதன் தலைப்பு தாண்டுபடிகளில் தொடங்கி, குதிரைப்பாதைக் கேட், கிஸ்ஸிங் கேட் என்று போனது. 2001இல் திருத்தி வெளியிட்டபோது தலைப்பு தலைகீழானது: இடைவெளி, கேட், தாண்டுபடி என்று ஆயிற்று. நடுவில் 1995இல் ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்திருந்தது. பிறகு 2006, 2018 பதிப்புகளில் அந்த வரிசை இன்னும் கெட்டியாயிற்று. முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்தக் கேட் என்பதில்லை. இங்கே ஏதாவது வேண்டுமா என்பது. வேண்டாம் என்றால் வெறும் இடைவெளியாக விட்டுவிடு. கால்நடை இருக்கிறதா, கேட் வை. கேட் முடியாதா, கிஸ்ஸிங் கேட். தாண்டுபடி கடைசிப் புகலிடம்.

இந்த முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதற்கு நாட்டுப்புறம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. மேய்ச்சலை விட்டு எத்தனையோ காலமான கோதுமை வயல்களின் ஓரத்தில் தாண்டுபடிகள் அப்படியே நிற்கின்றன. பக்கத்து வேலி விழுந்து மக்கிப் போயிருக்கும். படி மட்டும் தனியாக, இரு பக்கமும் திறந்த வெளியில், ஏறி இறங்க யாரையோ எதிர்பார்த்து நிற்கும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, நடைபாதையின் குறுக்கே ஒரு விவசாயி புதிதாகக் கேட்டோ படியோ வைக்க வேண்டுமானால் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். கால்நடை உள்ளே வராமல், வெளியே போகாமல் தடுக்க வேண்டும் என்பதுதான் அவர் காட்டக்கூடிய காரணம். திருட்டுப் பயம், அந்நியர் வருவது பிடிக்கவில்லை என்றெல்லாம் எழுத முடியாது. நல்ல சட்டம். ஆனால் ஆடு போன பிறகு படியை எடுக்க வேண்டும் என்று நினைவூட்ட ஆளில்லை.

விவசாயி பக்கமும் நியாயம் உண்டு. தாண்டுபடியை யாரும் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது. அது எப்போதும் மூடியே இருக்கிற கேட். தெரியாத ஆயிரம் பேர் கடந்து போகிற இடத்தில், அவர்களில் ஒருவர்கூட எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஒரு கேட் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தால் சினையாடும் கிடாவும் கலந்துவிடும், மாடு சாலைக்குப் போய்விடும், இரவில் கார் மோதும். 2001இல் கோமாரி பரவியபோது நாடெங்கும் பாதைகளை மூடினார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மந்தை மந்தையோடு கலப்பது என்றால் என்ன என்று அந்தத் தலைமுறை விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையும் மாறியிருக்கிறது. 1951இல் வெளியான நாட்டுப்புற நடத்தைக் கையேடு எல்லாக் கேட்டையும் தாழிட்டுப் போகச் சொன்னது. இப்போதைய கையேடு, எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போகச் சொல்கிறது. முதலாவதுதான் பத்திரமான அறிவுரை என்று நகரத்து மனம் நினைக்கும். ஆனால் விவசாயி சில கேட்டுகளை வேண்டுமென்றேதான் திறந்து வைத்திருப்பார். அடுத்த வயலில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கும். நல்லெண்ணத்தோடு ஒருவர் அதை மூடித் தாழிட்டுவிட்டுப் போனால், கோடை வெயிலில் மந்தை முழுவதும் தண்ணீரில்லாமல் தவிக்கும். கடமை உணர்வு மிகுந்த நடையர்தான் இதில் ஆபத்தானவர். திறந்திருக்கிற கேட் மறதியா, ஏற்பாடா என்று வருகிறவருக்கு எப்படித் தெரியும்? சங்கிலி போட்டு முளையோடு கட்டித் திறந்து வைத்திருந்தால் ஏற்பாடு. காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் மறதியாக இருக்கலாம். இந்தச் சந்தேகம் வராமல் கேட்டைச் செய்துவிட முடியாதா என்று யோசித்ததில்தான் தானே மூடிக்கொள்கிற கேட்டுக்கு மவுசு வந்தது.

தானே மூடிக்கொள்ள மின்சாரமோ விசைவில்லோ வேண்டியதில்லை. மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல், கீழ்க் கீலைச் சற்றுத் தள்ளி வைத்தால் போதும். கேட்டைத் திறக்கத் திறக்க அதன் நுனி கொஞ்சம் மேலேறும். விட்டவுடன் தன் எடையாலேயே இறங்கி வந்து மூடிக்கொள்ளும். எந்தக் கிராமத்துக் கொல்லருக்கும் தெரிந்த வித்தை. இதில் தவறு நடப்பது வேகத்தில்தான். சாய்வு கூடிவிட்டால் கேட் பாய்ந்து வந்து அறையும்; நாற்காலியில் இருப்பவரின் கணுக்காலில் படும், குதிரையின் பிட்டத்தில் படும். ஒருமுறை அப்படி அடிபட்ட குதிரை அப்புறம் எந்தக் கேட்டுக்கும் கிட்டே போக மறுக்கும் என்று சவாரி செய்பவர்கள் சொல்வார்கள். சாய்வு குறைந்தால் கொண்டி விழாமலே பாதியில் நின்றுவிடும். மெதுவாக வந்து, கடைசி அங்குலத்தில் தயங்காமல் கொண்டியில் போய் விழ வேண்டும். அந்தப் பதத்தைக் கொண்டுவரத்தான் கைத்தேர்ச்சி வேண்டும்.

கொண்டிக்கு வருவோம். கடைப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். வளைத்த இரும்பு வளையத்தைக் கேட்டின் தலைச்சட்டத்துக்கும் கம்பத்துக்கும் மேலாகப் போட்டு இறக்குகிற பழைய வகை ஒன்று. இதைவிட எளிமையானதும் உறுதியானதும் கிடையாது. கம்பம் ஓரங்குலம் சாய்ந்துவிட்டால் வளையம் எட்டாது என்பது மட்டும்தான் குறை. கட்டைவிரலால் அழுத்தித் தூக்குகிற வகை வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். வயலில் பனி உறைந்த காலையில், தடித்த கையுறையோடு, மறு கையில் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதைத் திறந்து பார்த்தால் அது ஏன் வயலுக்கு ஆகாது என்று விளங்கும். சங்கிலியும் கொக்கியும் மாட்டை நிறுத்தும். ஆனால் மூட மறந்தால் மூடாது. இழுப்புத் தாழ்ப்பாளைக் குதிரை உதட்டாலேயே தள்ளித் திறந்துவிடும். அதனால் குதிரை லாயங்களில் கீழே ஒரு கால்தாழையும் சேர்த்தே போடுவார்கள்.

எந்தக் கொண்டியையும் நான் ஒரு விதத்தில் சோதிப்பேன். விரல்களை மடக்கி, மூடிய முட்டியால் திறக்க முடிகிறதா? முடக்குவாதம் வந்த கைக்கும் கையுறை போட்ட கைக்கும் ஒரே கைதான் உபயோகத்தில் இருப்பவருக்கும் அதுதான் வழி. அடுத்ததாக, அறைந்து சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பேன். சரிந்த நாக்கும் அது வழுக்கி விழுகிற நாதாங்கியும் சரியாக அமைந்துவிட்டால் மூடுவது மனிதரின் ஒழுக்கத்தைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. கேட் கொஞ்சம் தொய்ந்தாலும் நாக்கு நாதாங்கியில் விழ வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வேன். தொய்யாத கேட் கடையில் மட்டும்தான் இருக்கும். நாதாங்கியின் வாய் உயரமாக, தாராளமாக இருந்தால் சில வருடத் தொய்வைச் சமாளிக்கும். அளவெடுத்துக் கச்சிதமாகச் செய்த கொண்டிதான் முதல் மழைக்காலத்திலேயே தோற்கும்.

இன்னொன்று, அவசரம். கன்று போட்ட பசுக்கள் நடப்பவர்களை, குறிப்பாக நாயோடு வருபவர்களை விரட்டுவது பிரிட்டனில் நடக்காத காரியமில்லை, ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அப்படி விரட்டும்போது எதிரில் இருக்கிற கேட் ஒரு கையசைப்பில் திறக்குமா, அல்லது முடிச்சை அவிழ்க்க வேண்டுமா என்பது சௌகரியப் பிரச்சினை இல்லை.

முடிச்சு என்றதும் நீல நிறத்திலோ ஆரஞ்சு நிறத்திலோ ஒரு கயிறு ஞாபகத்துக்கு வந்தாக வேண்டும். வைக்கோல் கட்டுகளைக் கட்டி வருகிற பாலிப்ராப்பிலின் கயிறு. பிரிட்டிஷ் நாட்டுப்புறத்தின் உண்மையான கொண்டி அதுதான். எந்தத் தரநிலையிலும் அதற்கு இடமில்லை. கம்பம் சாய்கிறது, கொண்டி எட்டவில்லை, விவசாயி சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்துத் தற்காலிகமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறார். அந்தத் தற்காலிகம் அவர் பேரன் காலம் வரை நீடிக்கும். ஈரத்தில் இறுகிய அந்த முடிச்சை அவிழ்க்க முடியாதவர்கள் கேட்டின் மேல் ஏறித் தாண்டுவார்கள். கொண்டி இருக்கிற முனையில் ஏறினால் கீல்களின் மேல் பாரம் முழுவதும் இறங்கிக் கேட் இன்னும் தொய்யும். ஏறியே ஆக வேண்டும் என்றால் கீல் இருக்கிற பக்கம் ஏற வேண்டும் என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிற பாடம்.

ஆகவே கொண்டியின் விதி கம்பத்தில் இருக்கிறது. கேட் தொங்குகிற கம்பம்தான் முழு எடையையும் தாங்குகிறது. மறுகம்பம் அறை வாங்க மட்டும். அந்த முதல் கம்பத்தை ஆழமாகப் புதைத்து, சுற்றிலும் கல்லைப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தாமல், விலையுயர்ந்த கொண்டி வாங்கி மாட்டிப் பயனில்லை. களிமண் நிலம் மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும். கம்பமும் கூடவே அசையும். மரக் கேட்டில் மூலைவிட்டமாக ஓடுகிற சட்டம் கீழ்க் கீலிலிருந்து புறப்பட்டு மேலேறிச் செல்ல வேண்டும். பாரத்தை நெருக்கி வாங்கிக் கம்பத்துக்குக் கொண்டுபோவது அதுதான். கருவாலி மரமென்றால் முலாம் பூசாத இரும்பை அதில் அறையக் கூடாது. அந்த மரத்தின் துவர்ப்புக் காடி இரும்பைத் தின்று கருநீலக் கறையாக ஒழுகும். வைக்கிற இடமும் முக்கியம். மாடுகள் கேட்டருகே வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். அவற்றின் குளம்படியில் அந்த இடம் சேற்றுக்குழியாகிவிடும். கேட் எவ்வளவு அகலமாக இருந்தாலும் முன்னால் முழங்கால் சேறு என்றால் சக்கர நாற்காலிக்கு அது மதில்தான். நாலு கூடை சரளைக் கல்லுக்குப் பணமில்லை என்று விட்டுவிட்டு எஃகுக் கேட்டுக்குச் செலவழித்திருப்பதை நிறையப் பார்க்கலாம்.

குதிரைப்பாதை வேறு உலகம். சட்டம் அங்கே ஐந்தடி அகலம் கேட்கிறது. சவாரி செய்பவர் இறங்காமலே கேட்டைத் திறந்து, புகுந்து, திரும்பி, மூட வேண்டும். வேட்டைக் கொண்டி என்று அழைக்கிற வகையில் நீண்ட பிடி ஒன்று கேட்டின் மேல் எழுந்து நிற்கும். சேணத்திலிருந்தே குனிந்து இழுக்கலாம். பிடி மேலே நீட்டியிருக்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் நீட்டக் கூடாது. கடிவாள வாரோ அங்கவடி வாரோ அதில் மாட்டினால் குதிரை மிரண்டு கேட்டையே பிடுங்கிக்கொண்டு ஓடும். கொண்டிப் பக்கத்தில் குதிரை ஒட்டி நிற்க இடம் வேண்டும். முட்புதர் அங்கே வளர்ந்துவிட்டால் நல்ல கொண்டியும் எட்டாது. குதிரைக்காரருக்குச் சௌகரியமான கேட், பெரும்பாலும் நாற்காலிக்காரருக்கும் சௌகரியமாக அமைந்துவிடுகிறது. பிடியை மட்டும் கீழேயும் எட்டும்படி நீட்டிவிட்டால் போதும். இந்த இரண்டு கட்சியும் சேர்ந்து கேட்டிருந்தால் எவ்வளவோ முன்பே நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கிஸ்ஸிங் கேட்டைப் பற்றிக் கடுமையாகச் சொல்ல மனம் வரவில்லை. கொண்டியே இல்லாமல் எப்போதும் மூடியே இருப்பது, பழுதாவதும் குறைவு, கூண்டுக்குள் நின்று வழிமறித்து முத்தம் கேட்கிற வழக்கம் வேறு. கூண்டைப் பெரிதாக்கி நாற்காலி திரும்பும் அளவுக்குச் செய்தவையும் உண்டு. வேறு சில, ஊனமுற்றோருக்கான பொதுக் கழிப்பறைகளைத் திறக்கிற அதே ராடார் சாவியால் அகலத் திறக்கும். சாவி உள்ளவர் கடக்கலாம் என்கிற ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை. மோட்டார் சைக்கிளைத் தடுக்க என்று வைக்கும் இரும்புச் சட்டங்கள் இன்னும் மோசம். திருட்டு மோட்டார் சைக்கிள்காரன் வேலியை வெட்டிக்கொண்டு போய்விடுகிறான். மாட்டிக்கொள்வது முச்சக்கரக் கைவண்டியில் வருகிற பெண்.

லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் 'மைல்ஸ் வித்தவுட் ஸ்டைல்ஸ்' என்ற பேரில் தாண்டுபடியே இல்லாத பாதைகளைத் தேர்ந்து, திருத்தி, தரம் பிரித்துச் சொல்கிறார்கள். மலைப்பாங்கான, பிடிவாதம் மிகுந்த ஆட்டு நாடு அது. அங்கே முடிகிறது என்றால் மற்ற இடங்களில் முடியாது என்று சொல்வதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். எதிர்ப்பு வராமலில்லை. கல் தாண்டுபடிகளைப் பெயர்ப்பது மதிலின் சரித்திரத்தைப் பெயர்ப்பது என்கிறார்கள். இதில் நான் அவர்கள் பக்கம்தான். கல்லைத் தொடக் கூடாது. பத்தடி தள்ளி மதிலில் ஒரு கேட் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கல்படி பிடித்தவர் கல்படியில் ஏறட்டும்.

ஆனால் அந்த மதில் விவசாயியுடையது. பாதையில் இருக்கிற கேட்டையும் படியையும் பழுதில்லாமல் வைப்பது நில உரிமையாளரின் பொறுப்பு. நியாயமான செலவில் குறைந்தது கால் பங்கை உள்ளாட்சி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழுதான படியைச் சரிசெய் என்று உத்தரவு போடலாம். நல்ல நிலையில் இருக்கிற படியை எடுத்துவிட்டுக் கேட் வை என்று உத்தரவு போட முடியாது. நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்காக உரிமையாளரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. உடன்படிக்கை என்றால் அவர் சம்மதிக்க வேண்டும். எனவே மாவட்டத்துப் பாதை அலுவலர், பெரும்பாலும் ஒரு வேனும் ஒரு சம்மட்டியும் தன்னார்வலர் இரண்டு பேருமாக இருப்பவர், விவசாயியின் முற்றத்தில் போய் நிற்கிறார். கேட் இலவசம், பொருத்தித் தருவதும் இலவசம், மக்கிய பலகையை வருடாவருடம் மாற்றுகிற வேலை உனக்கு மிச்சம், யாராவது விழுந்து வழக்குப் போடும் பயமும் மிச்சம் என்று எல்லாம் சொல்லி முடிக்கிறார். பெரியவர் கேட்பது ஒன்றுதான்: சரி, வருகிறவர்கள் மூடுவார்களா?

அலுவலர் தெரிந்தவராக இருந்தால் மனிதர்களைப் பற்றி அங்கே உத்தரவாதம் எதுவும் தர மாட்டார். வேனைத் திறந்து, தள்ளி வைத்த கீழ்க் கீலையும் சரிந்த நாக்கையும் எடுத்துக் காட்டுவார்.